ஓடிய தூரமும் உண்மைத் தேய்மானமும்: பழைய கார் வாங்குவோர்க்கு ஒரு பாடம்

நகரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள பள்ளி ஒன்றில் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர், பல ஆண்டுகளாகச் சேமித்த பணத்தைக் கொண்டு பழைய கார் ஒன்றை வாங்க விரும்புவதாக வைத்துக்கொள்வோம். அவர் முன்னே இரண்டு கார்கள் நிற்கின்றன. இரண்டும் ஒரே நிறுவனம் செய்தவை, ஒரே மாதிரியைச் சேர்ந்தவை, பெட்ரோலில் ஓடுபவை. இரண்டின் வயதும் ஏழு ஆண்டுகள். முதற் காரின் தூரமானி 49,000 கிலோமீட்டர் என்று காட்டுகிறது. இரண்டாவது காரின் தூரமானியில் உள்ள எண் 1,05,000. இந்த வேறுபாட்டைக் காரணம் காட்டி, முதற் காருக்கு விற்பவர் ஒரு லட்சம் ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார். ஆசிரியர் எதனை வாங்குவது?

பெரும்பாலோர் சற்றும் தயங்காமல் முதற் காரையே தேர்ந்தெடுப்பர். அம்முடிவு சரியாகவும் இருக்கலாம். முற்றிலும் தவறாகவும் இருக்கலாம். தூரமானியின் எண் ஒரு சாட்சியே அன்றித் தீர்ப்பு அன்று. அந்த எண் எதனை அளக்கிறது, எதனை அளக்கவில்லை, அதனை எவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் முறையாக நோக்குவோம்.

சொல்லில் உள்ள குழப்பம்

நம் நாட்டில் 'மைலேஜ்' என்னும் சொல் இரு பொருள்களில் வழங்குகிறது. ஒரு லிட்டர் எரிபொருளுக்கு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதையே மக்கள் பெரும்பாலும் மைலேஜ் என்கின்றனர். தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாள் முதல் வண்டி ஓடிய மொத்தத் தூரத்தையும் சிலர் அதே சொல்லால் குறிக்கின்றனர். இங்கே நாம் ஆராயப் புகுவது பின்னதனையே. குழப்பம் நேராமலிருக்க அதனை 'ஓடிய தூரம்' என்றும், அதனைக் காட்டும் ஓடோமீட்டரைத் 'தூரமானி' என்றும் வழங்குவோம்.

மற்றொரு குறிப்பும் தேவை. 1956ஆம் ஆண்டின் நிறை அளவைச் சட்டத்திற்குப் பின்னரே மெட்ரிக் முறை நம் நாட்டில் படிப்படியாக நிலைபெற்றது. அதற்கு முற்பட்ட வண்டிகளிலும், வெளிநாட்டிலிருந்து வந்த சில வண்டிகளிலும் தூரமானி மைல் கணக்கில் இருக்கும். ஒரு மைல் என்பது 1.609 கிலோமீட்டர். ஆகவே அத்தகைய வண்டியில் 60,000 என்று கண்டால், அது ஏறத்தாழ 96,500 கிலோமீட்டர் ஓடியது என்று பொருள் கொள்ள வேண்டும்.

தூரமானி எவ்வாறு எண்ணுகிறது?

தூரத்தை நேரே அளக்க இயலாதபோது, சம அளவுள்ள ஒரு சிறு நிகழ்ச்சி எத்தனை முறை நிகழ்ந்தது என்று எண்ணிப் பெருக்குவது பழைய உத்தி. குமாவுன் மலைப்பகுதியில் உள்ள மிலாம் கிராமத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் நயன் சிங் ராவத், இந்திய நில அளவைத் துறையின் பொருட்டு 1865-66ஆம் ஆண்டுகளில் மாறுவேடத்தில் லாசா நகரம் வரை சென்றார். வழக்கமான 108 மணிகளுக்குப் பதிலாக 100 மணிகள் கோத்த செபமாலையை அவர் கையில் வைத்திருந்தார். நூறு அடி எடுத்து வைத்ததும் ஒரு மணியைத் தள்ளுவார். மாலை ஒரு சுற்று முடிந்தால் பத்தாயிரம் அடி. காரின் தூரமானியும் இதே தத்துவத்தில் இயங்குவது. அது எண்ணுவது சக்கரத்தின் சுழற்சியை.

பழைய கார்களில், கியர் பெட்டியிலிருந்து புறப்படும் வளையும் கம்பி ஒன்று சுழன்று, பற்சக்கரங்களின் வாயிலாக எண் உருளைகளைத் திருப்பும். ஓர் உருளை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால், அடுத்த உருளை பத்தில் ஒரு பங்கு நகரும். ஐந்து உருளைகள் மட்டும் கொண்ட தூரமானி 99,999ஐத் தாண்டியதும் மீண்டும் பூச்சியத்திற்கு வந்துவிடும். ஆகவே ஐந்திலக்கத் தூரமானியுள்ள பழைய வண்டியில் 23,000 என்ற எண் 1,23,000 ஆகவும் இருக்கக்கூடும். இன்றைய கார்களில் கம்பி இல்லை. சக்கரத்தோடு அல்லது கியர் பெட்டியோடு சுழலும் பல் வளையம் ஒன்றை உணர்கருவி நோக்கி, ஒவ்வொரு பல் கடக்கும்போதும் ஒரு மின்துடிப்பை அனுப்புகிறது. கணிப்பான் அத்துடிப்புகளை எண்ணித் தூரமாக மாற்றி நினைவுச் சில்லில் பதிந்துகொள்கிறது.

ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்போம். 165/80 ஆர் 14 என்று குறியிட்ட டயரில் 165 என்பது மில்லிமீட்டர் கணக்கில் டயரின் அகலம். பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவிகிதம். அதாவது 132 மில்லிமீட்டர். உள் வளையத்தின் விட்டம் 14 அங்குலம், அதாவது 355.6 மில்லிமீட்டர். ஆகவே சக்கரத்தின் முழு விட்டம் 355.6 + 132 + 132 = 619.6 மில்லிமீட்டர், சுற்றளவு ஏறத்தாழ 1.95 மீட்டர். ஒரு கிலோமீட்டர் செல்லச் சக்கரம் 514 முறை சுழல வேண்டும். நம் இரண்டாவது கார் 1,05,000 கிலோமீட்டர் ஓடியதென்றால், அதன் சக்கரங்கள் ஏறத்தாழ ஐந்து கோடியே நாற்பது லட்சம் முறை சுழன்றிருக்கின்றன.

டயர் 6 மில்லிமீட்டர் தேய்ந்தால் விட்டம் 12 மில்லிமீட்டர் குறைகிறது. அப்போது அதே தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 2 சதவிகிதம் கூடுதலான சுழற்சிகள் தேவைப்படும்; தூரமானியும் அந்த அளவுக்கு மிகைப்படக் காட்டும். ஆகவே 49,000க்கும் 50,000க்கும் இடையே பேரம் பேசுவதில் பொருளில்லை. இத்தனை சிறு வேறுபாடு அளவையின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும்.

தேய்வின் நான்கு கணக்குகள்

சக்கரத்தின் சுழற்சியை மட்டும் எண்ணும் கருவி, வண்டியின் மற்ற உறுப்புகள் பட்ட பாட்டை எவ்வாறு அறியும்? காரின் தேய்வை நான்கு கணக்குகளாகப் பிரித்துக்கொள்வது நலம்.

முதலாவது, தூரக் கணக்கு. டயர்கள், சக்கரப் பேரிங்குகள், ஷாக் அப்சார்பர்கள், கீழ்ப்பகுதியின் ரப்பர் புஷ்கள் ஆகியவை பெரும்பாலும் ஓடிய தூரத்திற்கு ஏற்பத் தேய்பவை. சாலையின் தரமும் இதிற் சேரும். மேடுபள்ளமான கிராமச் சாலையில் ஓடிய 30,000 கிலோமீட்டர், நல்ல நெடுஞ்சாலையில் ஓடிய 60,000 கிலோமீட்டரைவிடக் கீழ்ப்பகுதியை அதிகமாக நலித்திருக்கலாம்.

இரண்டாவது, மணிக் கணக்கு. எஞ்சினின் தேய்வு அது எத்தனை மணி நேரம் இயங்கிற்று என்பதையே பெரிதும் சார்ந்தது. கிராமங்களில் பணியாற்றும் கள ஊழியர்களுக்கு இது புதிதன்று. டிராக்டரில் எண்ணெய் மாற்றுவதும் வடிகட்டி மாற்றுவதும் இத்தனை மணிக்கு ஒருமுறை என்றே விதிக்கப்படுகின்றன; டிராக்டர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எவரும் கேட்பதில்லை. வயலில் நின்றபடி நீர் இறைக்கும் டிராக்டரின் சக்கரம் சுழல்வதில்லை. எஞ்சின் தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது. நகரப் போக்குவரத்து நெரிசலில் நிற்கும் காரின் நிலையும் இதுவே.

மூன்றாவது, தொடக்கக் கணக்கு. எஞ்சின் குளிர்ந்த நிலையில் புறப்படும்போது எண்ணெய் கெட்டியாக இருக்கும்; மேற்பகுதிகளை அடையச் சிறிது நேரம் செல்லும். அப்போது எரிபொருள் கலவையும் செறிவாகவே செலுத்தப்படுகிறது. எரிதலால் உண்டாகும் நீராவியின் ஒரு பகுதி எண்ணெயில் கலக்கிறது. வண்டி அரைமணி நேரமேனும் தொடர்ந்து ஓடினால் எண்ணெய் நன்கு சூடேறி அந்நீர் ஆவியாகிப் போகும். மூன்று நான்கு கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்திவிட்டால் நீர் தங்கி, எண்ணெய் நாளடைவில் குழம்பாகிறது. கிளட்சும் பிரேக்கும் இக்கணக்கைச் சேர்ந்தவையே. அவற்றை நலிவிப்பது வண்டி எத்தனை முறை நின்று புறப்பட்டது என்பதே.

நான்காவது, நாட்காட்டிக் கணக்கு. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பர் இறுகும், பேட்டரி வலுவிழக்கும், பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், கடற்கரை ஊர்களில் தகடு துருவேறும். இதனால்தான் உற்பத்தியாளர்கள் உத்தரவாதத்தையும் பராமரிப்பையும் 'இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முந்தியதோ அது' என்று வகுக்கின்றனர். அரசு வாகனங்களைக் கழிவு செய்யும் விதிகளும் தூரம், ஆண்டு ஆகிய இரண்டையும் கருத்திற் கொள்வனவாம்.

இப்போது நம் இரு கார்களையும் இக்கணக்குகளில் இட்டுப் பார்ப்போம். முதற் கார் நகருக்குள்ளேயே ஓடியது. சராசரி வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர். ஒரு பயணம் சராசரியாக 5 கிலோமீட்டர் என்று கொள்வோம். அதன் எஞ்சின் 49,000 ÷ 18, அதாவது ஏறத்தாழ 2,720 மணி இயங்கியிருக்கிறது. 9,800 முறை தொடக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது கார் ஊருக்கும் ஊருக்கும் இடையே நெடுஞ்சாலையில் ஓடியது; சராசரி வேகம் 50 கிலோமீட்டர்; ஒரு பயணம் 35 கிலோமீட்டர். அதன் எஞ்சின் இயங்கியது 2,100 மணி. தொடக்கப்பட்டது 3,000 முறை. தூரக் கணக்கில் இரண்டாவது கார் இருமடங்குக்கு மேல் முதியது. மணிக் கணக்கில் அதுவே இளையது. தொடக்கக் கணக்கிலோ முதற் காரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உழைத்தது.

எவ்வளவு தூரம் அதிகம்?

மொத்த எண்ணைக் கண்டு மலைக்காமல், முதலில் அதனை வண்டியின் வயதால் வகுக்க வேண்டும். இன்று நம் நாட்டில் விற்கும் பல கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை பராமரிப்பு விதிக்கப்படுகிறது. இதனையே அளவுகோலாகக் கொள்ளலாம். சொந்த உபயோகத்தில் உள்ள கார் ஆண்டுக்கு 10,000 முதல் 15,000 கிலோமீட்டர் வரை ஓடியிருந்தால் அது இயல்பு. 15,000 முதல் 25,000 வரை ஓடியிருந்தால், உரிமையாளரின் தொழில் என்ன, எந்தச் சாலையில் ஓட்டினார் என்று வினவுதல் வேண்டும். அதற்கும் மேற்பட்டால் வண்டி வாடகைக்கு ஓடியதோ என்று ஐயுற இடமுண்டு. நாளொன்றுக்கு 150 கிலோமீட்டர் வீதம் ஆண்டுக்கு 300 நாள் ஓடும் வாடகைக் கார் 45,000 கிலோமீட்டரைக் கடந்துவிடும். மூன்றே ஆண்டுகளில் அது 1,35,000 ஆகிறது.

எரிபொருளும் கருதத்தக்கது. ஒழுங்காக எண்ணெய் மாற்றப்பட்ட இன்றைய பெட்ரோல் எஞ்சின் 1,50,000 கிலோமீட்டருக்கு மேலும் திறந்து பழுதுபார்க்க வேண்டிய தேவையின்றி ஓடுவது அரிதன்று. டீசல் எஞ்சின் அதனினும் நெடிது ஓடும். இயற்கை எரிவாயுவில் ஓடும் கார்களைப் பொறுத்தவரை, நாள்தோறும் நெடுந்தூரம் செல்வோரே செலவைச் சிக்கனம் செய்ய அதனை நாடுகின்றனர். எனவே ஆறேழு ஆண்டான எரிவாயுக் காரில் மிகக் குறைந்த தூரம் காணப்பட்டால், மகிழ்வதற்கு முன் காரணம் கேட்க வேண்டும். எரிவாயு உருளை மூன்றாண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்கு உட்பட்டதா என்பதையும் சான்றிதழில் காண வேண்டும்.

தூரம் அதிகமான கார் எல்லாம் தள்ளத்தக்கது என்பதில்லை. 'இனி என்ன செலவு காத்திருக்கிறது?' என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஒரு லட்சத்தை நெருங்கும் காருக்குக் கிளட்ச், ஷாக் அப்சார்பர், டயர், பெல்ட் ஆகியவற்றுள் எவை மாற்றப்பட்டன, எவை மாற்றப்பட வேண்டும் என்று பட்டியலிட்டு, மாற்ற வேண்டியவற்றின் செலவை நம்பிக்கையான மெக்கானிக்கிடம் கேட்டு, அத்தொகையை விலையிலிருந்து கழிக்க வேண்டும். எஞ்சினுக்குள் ரப்பர் டைமிங் பெல்ட் உள்ள மாதிரியாயின் இது மிக முக்கியம். உரிய காலத்தில் மாற்றாத பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால், பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே பாழாகும்.

குறைந்த தூரத்தின் இடர்கள்

குறைந்த தூரமும் சில வேளை நோயின் அறிகுறியே. ஆறு மாதம் அசையாது நின்ற காரில் டயர் ஒரே இடத்தில் அழுந்தியிருக்கும். பிரேக் தட்டு துருப்பிடித்திருக்கும். மின்கம்பிகளை எலி கடித்திருக்கும். 2020 ஏப்ரலுக்குப் பின் பாரத் நிலை 6 விதிப்படி வந்த டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அத்துகள் எரிந்து தூய்மையாக வேண்டுமானால் வண்டி அவ்வப்போது சீரான வேகத்தில் நெடுந்தூரம் ஓட வேண்டும். நகருக்குள்ளேயே சிறு தூரம் ஓடிய டீசல் காரில் அவ்வடிகட்டி அடைபட்டு, பெருஞ் செலவு வைக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய காரின் தூரமானியும் மூழ்குவதற்கு முன் காட்டிய அதே எண்ணைத்தான் காட்டும். 2005 ஜூலையில் மும்பையிலும், 2015 டிசம்பரில் சென்னையிலும், 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் பெருவெள்ளத்தில் கார்கள் மூழ்கின. விரிப்புக்கு அடியில் படிந்த சேறு, இருக்கைத் தண்டவாளத்தின் துரு, விளக்குக் கண்ணாடியின் உட்புற நீர்க்கோடு, மக்கிய வாடை ஆகியவையே இதற்குச் சான்று.

எண் உண்மையானதா?

இதுவரை தூரமானியின் எண் உண்மை என்று கொண்டே பேசினோம். அது திருத்தப்பட்டதாகவும் இருக்கலாம். பழைய உருளைத் தூரமானியைக் கழற்றிக் கையால் திருப்பினர். மின்னணுத் தூரமானியின் நினைவுச் சில்லையும் அதற்கென உள்ள கருவியால் சிறிது நேரத்தில் மாற்றிவிட முடிகிறது. ஆனால் எண்ணை மாற்றுபவன் காரின் மற்ற உறுப்புகளை எல்லாம் இளமையாக்க இயலாது. அவ்வுறுப்புகள் கூறும் கதையும் எண் கூறும் கதையும் ஒத்திருக்கின்றனவா என்று காண்பதே நம் வேலை.

காலால் மிதிக்கும் கிளட்ச், பிரேக் கட்டைகளின் ரப்பரைப் பாருங்கள். 25,000 கிலோமீட்டர் ஓடியதாகச் சொல்லும் காரில் அந்த ரப்பரின் வரிகள் மழுங்கியிருக்கக் கூடாது. அது புத்தம் புதிதாக இருந்தாலும் ஏன் மாற்றினர் என்று கேட்க வேண்டும். ஸ்டியரிங் சக்கரத்தின் மேற்புறம் வழுவழுப்பாகிப் பளபளக்கிறதா, ஓட்டுநர் இருக்கையின் கதவுப்பக்க ஓரம் நைந்திருக்கிறதா என்று நோக்குங்கள். முன் கண்ணாடியைச் சாய்வான வெயிலில் பார்த்தால், நெடுஞ்சாலையில் மணலும் சிறு கல்லும் பட்ட நுண்புள்ளிகள் தெரியும். அவை நிறைந்திருப்பின், 'நகருக்குள் மட்டுமே ஓடிய கார்' என்ற கூற்று நிலைக்காது.

டயர் மிக நல்ல சாட்சி. அதன் பக்கச் சுவரில் உள்ள நான்கிலக்க எண், அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கார் செய்யப்பட்ட காலத்தோடு இதனை ஒப்பிட வேண்டும். கார்களின் முதல் டயர்கள் 40,000 கிலோமீட்டர் அளவுக்கு உழைப்பது வழக்கம். 2019இல் வந்து 20,000 கிலோமீட்டரே ஓடியதாகக் கூறும் காரில் நான்கு டயர்களும் 2022இல் செய்யப்பட்டவையாக இருந்தால், முதல் டயர்கள் எங்கே போயின என்ற கேள்வி எழுகிறது. டயர்கள் பழையவையே என்றால் பள்ளத்தை அளக்கலாம். 'பட்டன்' என்று பட்டறையில் வழங்கும் வரிப்பள்ளம் புது டயரில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர், 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் டயரை மாற்றியாக வேண்டும். 45,000 கிலோமீட்டர் உழைக்கும் டயரானால் ஒரு மில்லிமீட்டர் தேய ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் ஆகும். ஆகவே 20,000 ஓடிய காரில் 5 மில்லிமீட்டர் எஞ்சியிருக்க வேண்டும். இரண்டே மில்லிமீட்டர் இருந்தால், எண் பொய்யாக இருக்கலாம். சக்கரங்களின் நேர்ப்பாடு கெட்டிருக்கவும் கூடும். எதுவாயினும் விசாரணை தேவை.

எஞ்சினை நேரே சோதிக்கவும் வழியுண்டு. வண்டியைப் பார்க்கச் செல்லும்போது, எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா என்று மூடியின் மேல் கை வைத்துப் பாருங்கள். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த எஞ்சினில் தெரியும் குறைகள் மறைந்துபோகும். புறப்படும்போது நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்றும், சூடேறிய பின்னரும் வெண்புகை அடர்ந்து வந்தால் குளிர்நீர் உட்புகுகிறது என்றும் ஐயுறலாம். பிஸ்டன் வளையங்களும் வால்வுகளும் எந்நிலையில் உள்ளன என்பதைச் சிலிண்டர்களின் அழுத்தச் சோதனை எண்ணாகவே காட்டிவிடும். எல்லாச் சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒரே அழுத்தத்தையும், உற்பத்தியாளர் குறித்த அளவையும் காட்ட வேண்டும். இச்சோதனைக்கு ஆகும் சிறு செலவைத் தயங்காமல் செய்வது நல்லது. தற்காலக் கார்களில் கணிப்பான் துளையில் கருவியை இணைத்துச் சோதிப்பதும் பயன் தரும். பல மாதிரிகளில் ஓடிய தூரம் தூரமானியில் மட்டுமன்றி வேறு கணிப்பான்களிலும் பதிவாகியிருக்கும்.

ஆவணங்களும் சட்டமும்

அரசு வாகனத்திற்கு ஒவ்வொரு பயணமும் குறிக்கப்படும் பதிவேடு உண்டு என்பதைக் கள ஊழியர் அறிவர். தனியார் காருக்கு அதனிடத்தை வகிப்பது பராமரிப்புப் பதிவேடு. ஒவ்வொரு பராமரிப்பின்போதும் தேதியும் தூரமும் குறிக்கப்படுகின்றன. இவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். எண்கள் சீராக ஏற வேண்டும். 2021இல் 38,000 என்றிருந்தது 2023இல் 31,000 ஆகியிருந்தால் வேறு சான்று தேவையில்லை. மூன்றாண்டுகளுக்குக் குறிப்பே இல்லையென்றால் அந்த இடைவெளியும் ஒரு செய்திதான். புத்தகம் தொலைந்துவிட்டது என்று கூறினால், வண்டி பராமரிக்கப்பட்ட பட்டறையின் கணிப்பொறியில் உள்ள விவரத்தை உரிமையாளரே கேட்டுப் பெற்றுத் தரும்படி வேண்டலாம்.

பதிவுச் சான்றிதழில் முதற் பதிவுத் தேதி, எத்தனையாவது உரிமையாளர், எரிபொருள், கடன் பிணை ஆகியவற்றைப் பார்த்து, 'வாகன்' என்னும் தேசியப் பதிவுத் தளத்தில் சரிபார்க்க வேண்டும். மஞ்சள் பலகை வாடகை வண்டியாக இருந்து பின்னர் வெள்ளைப் பலகைச் சொந்த வண்டியாக மாற்றப்பட்டதா என்றும் கேட்க வேண்டும்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 டிசம்பரில் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பதிவான வாகனங்களை வாங்கி விற்கும் வணிகர் பதிவதிகாரியிடம் அதிகாரச் சான்று பெற வேண்டும். தம் கைவசமுள்ள வாகனத்தின் பயணங்களை, நோக்கம், ஓட்டுநர், நேரம், ஓடிய தூரம் ஆகிய விவரங்களுடன் மின்னணுப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். எண்ணைத் திருத்தி ஏமாற்றி விற்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் கூறும் ஏமாற்றுக் குற்றமாகலாம். வணிகரிடம் வாங்கியிருப்பின் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையும் நாடலாம். ஆயினும் வழக்கில் வெல்லச் சான்று வேண்டும். ஆகவே விலை முடிவாகும் நாளில், தூரமானியின் எண்ணையும் 'இது என் அறிவுக்கு எட்டியவரை உண்மையான தூரம்' என்ற வாசகத்தையும் விற்பவர் கையொப்பத்துடன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணில் ஐயமுள்ள விற்பனையாளர் இவ்விடத்தில் தயங்குவார். அத்தயக்கமும் நமக்கு ஒரு சான்றாகும்.

இரு கார்களுக்குத் திரும்புவோம்

நம் ஆசிரியர் மேற்கூறியபடி விசாரித்தபோது தெரியவந்தவை இவை எனக் கொள்வோம். முதற் காருக்கு முதல் நான்கு ஆண்டுகளின் பராமரிப்புக் குறிப்பே உண்டு. பின்னர் எண்ணெய் எப்போது மாற்றினர் என்று எவருக்கும் தெரியவில்லை. எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பழுப்பு நிறக் குழம்பு படிந்திருக்கிறது. இரண்டாவது காரின் பதிவேட்டில் பத்துக் குறிப்புகள் உள்ளன. எண்கள் சீராக ஏறுகின்றன. கிளட்சும் டயர்களும் 90,000 கிலோமீட்டரில் மாற்றப்பட்டிருக்கின்றன. சிலிண்டர்களின் அழுத்தம் சமமாக உள்ளது. ஷாக் அப்சார்பர்கள் மட்டும் மாற்ற வேண்டியவை.

இந்நிலையில் இரண்டாவது காரை வாங்கி, ஷாக் அப்சார்பர்களை மாற்றிக்கொள்வதே அறிவுடைமை. அவருக்கு ஒரு லட்சம் ரூபாயும் மிச்சம். பதிவேடு முழுமையாக இருந்து, எண்ணெய் ஆண்டுதோறும் மாற்றப்பட்டு, எஞ்சின் தூய்மையாக இருந்திருந்தால் முதற் காரைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. அப்போதும் ஒரு லட்சம் ரூபாய் வேறுபாடு தகுமா என்பது, இரண்டாவது காருக்குக் காத்திருக்கும் செலவைக் கணக்கிட்ட பின்னரே சொல்லத்தக்கது. முடிவை மாற்றியது தூரத்தின் வேறுபாடு அன்று, சான்றுகளின் வேறுபாடு.

வகுப்பறைப் பயிற்சி

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் இப்பாடத்தைக் கணக்கு, விஞ்ஞான வகுப்புகளில் எளிதாகப் பயன்படுத்தலாம். மாணவர் தம் மிதிவண்டியின் சக்கரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு குறியிட்டு, பள்ளி மைதானத்தின் நீளத்தைச் சுழற்சிகளை எண்ணிக் காணட்டும். பின்னர் அளவுநாடாவால் அளந்து ஒப்பிடட்டும். டயரில் காற்றைக் குறைத்துவிட்டு மறுபடியும் எண்ணச் செய்தால், விடை ஏன் சிறிது மாறுகிறது என்று அவர்களே காரணம் காண முயல்வர். அதன் பின் கீழ்க்காணும் வினாக்களைக் கொடுக்கலாம்.

1. 145/80 ஆர் 12 என்ற டயர் ஒரு கிலோமீட்டரில் எத்தனை முறை சுழலும்? (விடை: ஏறத்தாழ 593.)

2. ஐந்து ஆண்டான கார் 90,000 கிலோமீட்டர் ஓடியுள்ளது. ஆண்டுச் சராசரி என்ன? அது எந்த வகையில் அடங்கும்?

3. மணிக்கு 20 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் 40,000 கிலோமீட்டர் ஓடிய எஞ்சினும், மணிக்கு 50 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் 80,000 கிலோமீட்டர் ஓடிய எஞ்சினும் எத்தனை மணி இயங்கின? (விடை: 2,000 மணி, 1,600 மணி.)

இவ்வினாக்களைச் செய்து முடித்த மாணவன் பிற்காலத்தில் கார் வாங்காமலும் போகலாம். ஆயினும் ஓர் எண்ணைக் கண்டால் அது எதனை எண்ணியது, எதனை எண்ணாமல் விட்டது என்று கேட்கும் பழக்கம் அவனுக்கு வாய்க்குமாயின், அப்பழக்கம் அவனுக்குப் பல இடங்களில் உதவும்.